கிளைக்குள் குடிவந்த தேதி

சின்னவளுக்கு வேலை நிரந்தரமாகுமா, இல்லை பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊர் திரும்ப வேண்டியதுதானா என்பது ஒரே ஒரு தேதியில் தொங்கிக்கொண்டிருந்தது. அந்தத் தேதி யாருக்கும் தெரியாது. தெரியும் என்று எல்லோரும் அடித்துச் சொன்னதுதான் வம்பாகிப் போனது.

அவள் வேலை பார்த்தது லிஃப்ட்களை இயக்கும் மென்பொருள் செய்கிற ஓர் அலுவலகத்தில். கீழ்த்தளத்தில் மெக்கானிக்குகளுக்கான பயிற்சிக் கூடம். மேல்தளத்தில் முப்பது மேசை. ஜன்னல் பக்கம் புரோகிராம் எழுதுகிறவர்கள். கதவுப் பக்கம், அவர்கள் எழுதியதில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று குடைகிறவர்கள். சின்னவள் குடைகிற கட்சி. வீட்டில் இரண்டாவது பெண் என்பதால் சின்னவள். அலுவலகத்தில் அவளுக்கு வைத்திருந்த பெயர் சந்தேகம். காலையில் அவள் நுழைந்ததுமே யாராவது ஒருவர், சந்தேகம் வந்தாச்சு, எல்லாரும் ஒழுங்கா உட்காருங்க என்பார். அவளும் சிரித்துவிட்டுப் போய் உட்கார்ந்து, மதியத்துக்குள் அதே ஆள் எழுதியதில் மூன்று தப்பு கண்டுபிடித்துக் கொடுப்பாள்.

வந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. முதல் வருடம் தற்காலிகம். வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு மேனேஜர் மேடம் உட்கார்ந்து, இவளை வைத்துக்கொள்வதா அனுப்பிவிடுவதா என்று முடிவு செய்ய வேண்டும். வேலை போனால் அந்த நாட்டில் இருக்கிற அனுமதியும் கூடவே போய்விடும். இதெல்லாம் தெரிந்த கதை. திங்கட்கிழமை காலை வரைக்கும் அவளுக்கு அதில் பெரிய பயமில்லை.

திங்கட்கிழமை ஒரு கடிதம் வந்தது. ஒரு முதியோர் இல்லத்திலிருந்து. அங்கே ஓர் அம்மாள் நடைச்சட்டத்தைத் தள்ளிக்கொண்டு லிஃப்ட்டுக்குள் கால் வைக்கும்போதே கதவு மூடிவிட்டது. சட்டத்தின் கால் வளைந்ததோடு சரி, அந்த அம்மாளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் முதியோர் இருக்கிற கட்டடங்களில் கதவு ஏழு நொடி திறந்திருக்க வேண்டும் என்பது விதி. இங்கே நாலே நொடி.

டீம் லீட் கால் மணி நேரத்தில் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டார். அவர் வேகமான மனுஷன். தப்பு யாருடையது என்றாலும் மூடி மறைக்கத் தெரியாது, தன்னுடையது என்றாலும்தான். அந்த ஏழு நொடியை நாலாக்கிய மாற்றம் அவர் எழுதியதே. ஒரு கடைத்தொகுதிக்காக எழுதியது. அங்கே வருகிறவர்களுக்குப் பொறுமை கிடையாது, கதவு சீக்கிரம் மூடினால் போதும் என்றிருந்தார்கள். அது எப்படியோ எல்லா லிஃப்ட்டுக்கும் போகிற புரோகிராமுக்குள் நுழைந்து, நாற்பத்தொரு லிஃப்ட்டில் போய் உட்கார்ந்துவிட்டது. உடனே திருத்தி அனுப்பினார்கள். அதோடு முடிந்திருக்கலாம். முடியவில்லை.

"எழுதினது நான்தான், மறைக்கல," என்றார் லீட், எல்லோரும் நிற்கும்போதே. "தேதியைப் பாருங்க, கிட்டத்தட்ட மூணு மாசம் ஆச்சு. ஒன்பது. பதினாலாம் தேதி டெஸ்ட் பண்ணிக் கையெழுத்துப் போட்டது யாரு?"

முப்பது மேசையும் திரும்பிப் பார்த்தது.

சின்னவளின் சோதனைத்தாளை மேடம் எடுத்துவரச் சொன்னார். முப்பத்தோராவது வரியில் அவள் கையெழுத்திலேயே இருந்தது: கதவு காத்திருப்பு, ஏழு நொடி, சரி. மாற்றம் ஒன்பதாம் தேதியே உள்ளே இருந்தால் பதினான்காம் தேதி அவளுக்கு நாலு நொடிதான் வந்திருக்க வேண்டும். ஏழு என்று எழுதியிருக்கிறாள் என்றால் பார்க்காமலே எழுதியிருக்கிறாள் என்று அர்த்தம். மேடம் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. வியாழக்கிழமைக்குள் உங்கள் பக்கத்தை எழுதிக் கொடுங்கள் என்று மட்டும் சொன்னார். அந்த மென்மை இன்னும் மோசமாக இருந்தது.

சின்னவளுக்கு அந்தப் பதினான்காம் தேதி நன்றாக ஞாபகம் இருந்தது. கையில் ஸ்டாப்வாட்சை வைத்துக்கொண்டு மூன்று தடவை பார்த்தாள். மூன்று தடவையும் ஏழு. பயந்தது உண்மை. ஆனால் தன்மேல் அவளுக்குக் கடுகளவும் சந்தேகம் வரவில்லை. தான் பார்த்தது ஏழு என்றால், அந்த மாற்றம் அன்றைக்கு உள்ளே இல்லை. அவ்வளவுதான். பிறகு எப்போது வந்தது என்று கண்டுபிடிக்க வேண்டியதுதான் பாக்கி.

பஸ்ஸில் உட்கார்ந்து வீட்டுக்குச் செய்தி அனுப்பினாள். அவளுக்கு விரலால் தமிழ் தட்ட வராது. போனை வாயருகே வைத்துப் பேசுவாள், அது எழுதிக்கொள்ளும். அன்றைக்கு நடந்ததையெல்லாம் ஒரு மூச்சு பேசினாள். திரை நிரம்பிவிட்டது. அம்மா படித்தால் அன்றிரவு தூங்க மாட்டாள் என்று தோன்றவே எல்லாவற்றையும் அழித்துவிட்டு, நல்லா இருக்கேன், சாப்பிட்டேன் என்று மட்டும் அனுப்பினாள். இரண்டு நிமிடத்தில் அக்கா கூப்பிட்டாள். மூன்று வார்த்தையில் செய்தி அனுப்புகிற ஆளா நீ, என்ன விஷயம், மென்று முழுங்காமல் சொல் என்றாள்.

அக்காவுக்கும் கம்ப்யூட்டருக்கும் ஏழாம் பொருத்தம். ஆனாலும் அவளுக்குப் புரியும்படி சொல்லிவிட்டால் மேடத்துக்கும் புரியும்படி சொல்லிவிடலாம் என்று சின்னவள் விளக்க ஆரம்பித்தாள். புரோகிராம் ஓர் இடத்தில் இருப்பதில்லை. ஒவ்வொருவர் மெஷினிலும் அதன் முழுப் பிரதி ஒன்று இருக்கும். எல்லோருக்கும் பொதுவான பிரதி ஒன்று சர்வரில் இருக்கும். அதில் பல கிளைகள். வெளியீட்டுக் கிளை என்று ஒன்று உண்டு; அதில் இருப்பதுதான் லிஃப்ட்டுக்குப் போகும். யார் எந்த மாற்றம் செய்தாலும் அது முதலில் அவரவர் மெஷினில்தான் உருவாகும். உருவான நிமிடத்தின் தேதியும் செய்தவர் பெயரும் அதன் நெற்றியில் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் அவர் எப்போது சர்வருக்குத் தள்ளிவிடுகிறாரோ அப்போதுதான் அது பொதுக் கிளைக்குள் நுழையும். நாளைக்கும் தள்ளலாம், நாலு மாதம் கழித்தும் தள்ளலாம். நெற்றியில் இருக்கிற தேதி மாறாது.

அக்கா ஒரே கேள்வி கேட்டாள். "அப்ப அவர் காட்டுற தேதி எதோட தேதி?"

"அது பிறந்த தேதிக்கா. ஒருத்தன் பிறந்த தேதியைப் பார்த்து அவன் எப்ப நம்ம தெருவுக்குக் குடிவந்தான்னு சொல்ல முடியுமா? எனக்கு வேணும்கிறது குடிவந்த தேதி."

"அதை எங்க எழுதி வச்சிருப்பாங்க?"

அதுதான் கேள்வி. எங்கேயும் எழுதி வைக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. மாற்றத்துக்குள்ளேயே அது இருக்காது. எந்த வாசல் வழியாக நுழைந்ததோ அந்த வாசல் எழுதி வைத்திருந்தால்தான் உண்டு. அக்கா, நல்லா இருக்குடி உங்க தொழில், நாப்பத்தொரு லிஃப்ட் ஓட்டுறீங்க, யாரு எப்ப உள்ள வந்தாங்கன்னு ஒரு நோட்டு இல்லையா என்றாள். சின்னவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

இன்னொன்றையும் அக்காவிடம் சொன்னாள், ஏனென்றால் அது தன் தப்பு. சோதனைத்தாளின் தலைப்பில் ஒரு கட்டம் இருக்கிறது. கிளையின் உச்சியில் இப்போது எந்த மாற்றம் இருக்கிறதோ அதன் எண்ணை அதில் எழுத வேண்டும். நீளமான எண். எழுதச் சோம்பல்பட்டு எல்லோரும் இன்றைய நிலை என்று எழுதிவிடுவார்கள். அவளும் அப்படித்தான் எழுதியிருந்தாள். அந்த எண் இருந்திருந்தால் பேச்சே இல்லை. அக்கா திட்டவில்லை. சரி, இல்லாததைப் பேசி என்ன, இருக்கிறதைத் தேடு என்றாள்.

செவ்வாய்க்கிழமை முழுக்கத் தேடினாள். முதலில் கிளையின் வரிசையைப் பார்த்தாள். எட்டாம் தேதி மாற்றம் ஒன்று. அதற்கு மேலே லீட்டின் ஒன்பதாம் தேதி மாற்றம். அதற்கும் மேலே அவருடையதே பதினைந்தாம் தேதி மாற்றம். அந்தப் பதினைந்து எல்லோருக்கும் தெரிந்ததுதான். சோதனை முடிந்து கையெழுத்து விழுந்த பிறகு கிளையை மூடிவிடுவார்கள், எதுவும் நுழையக் கூடாது. ஆனால் லிஃப்ட்டின் அறிவிப்புப் பலகையில் ஓர் எழுத்துப் பிழை இருந்தது என்று மேடத்திடம் அனுமதி வாங்கி லீட் அதைத் திருத்தினார். எட்டு, ஒன்பது, பதினைந்து. பார்க்கிறவர்களுக்குப் பள்ளிக்கூட வரிசை மாதிரி ஒழுங்காக நின்றன. இடையில் பதினான்கில் அவள் கையெழுத்து. யாராக இருந்தாலும் அவள்தான் கோட்டைவிட்டாள் என்றுதான் சொல்வார்கள்.

சர்வரைக் கேட்டால், இரண்டு மாதத்துக்கு முன் புது சர்வருக்கு மாறியாயிற்று, பழையதிலிருந்து கோப்புகளை மட்டும்தான் கொண்டுவந்தோம், வருகைப் பதிவெல்லாம் யார் கேட்டார்கள் என்றார்கள். ஒவ்வொரு தள்ளலுக்கும் முன்பு மெயில் வரும். தொல்லையாக இருக்கிறது என்று எல்லோரும் சேர்ந்து நிறுத்தியிருந்தார்கள். நிறுத்தச் சொல்லிக் கையெழுத்துப் போட்டவர்களில் சின்னவளும் உண்டு. லிஃப்ட்டுக்கு அனுப்பப் புரோகிராமை மூட்டை கட்டுகிற மெஷினில் கடைசி முப்பது மூட்டையின் குறிப்புதான் இருந்தது. கடைசியாகத் தன்னுடைய லேப்டாப். ஒவ்வொரு மெஷினும், சர்வரிலிருந்து புதிதாக எடுத்துக்கொள்ளும் ஒவ்வொரு தடவையும், சர்வரின் கிளை எங்கிருந்து எங்கே நகர்ந்திருக்கிறது என்று தனக்கென ஒரு வரி எழுதி வைத்துக்கொள்ளும். தொண்ணூறு நாள் வைத்திருக்கும், அப்புறம் கழித்துக் கட்டிவிடும். அவளுடைய பழைய லேப்டாப்பில் அது இருந்திருக்கும். போன மாதம்தான் புதுசு கொடுத்துப் பழசைத் துடைத்துவிட்டார்கள். புது லேப்டாப்புக்குப் போன மாதத்துக்கு முந்தி உலகமே கிடையாது.

லீட்டின் லேப்டாப்பில் நிச்சயம் இருக்கும். அது அவளுக்குத் திங்கட்கிழமையே தெரியும். ஆனால் வெறும் கையோடு போய் உங்கள் மெஷினைத் திறந்து காட்டுங்கள் என்றால், நீங்கள்தான் விதியை மீறினீர்கள் என்று முகத்துக்கு நேரே சொன்ன மாதிரி. அவர் கோபத்தில் மாட்டேன் என்றுவிட்டால் அதற்கு மேல் கதவே இல்லை. வேறு யாருடைய மெஷினிலாவது முதலில் பிடிக்க வேண்டும். ஜன்னல் பக்கத்து ஆட்களை ஒவ்வொருவராகக் கேட்டாள். இந்தக் கிளையை அவர்கள் தொடுவதே வெளியீட்டின்போதுதான். அப்போது ஒரு தடவை எடுத்திருந்தார்கள், அவ்வளவே. ஒன்பதுக்கும் பதினைந்துக்கும் நடுவில் எடுத்தவர் ஒருவரும் இல்லை.

புதன்கிழமை மதியம் சாப்பாட்டு அறையில் எதிரே வந்து உட்கார்ந்தவருக்கு அலுவலகத்தில் பெயர் நாலாவது மாடி. கீழே மெக்கானிக்குகளுக்குப் பயிற்சி கொடுக்கிறவர். பயிற்சிக் கூடத்தில் மூன்று மாடி உயர மாதிரி லிஃப்ட் ஒன்று இருக்கிறது. அதற்கு நாலாவது மாடி கட்டித் தருவதாக நிர்வாகம் சொல்லி ஆறு வருடமாயிற்று. பார்க்கிறவர்களிடமெல்லாம் அவர் அதைக் கேட்டுக் கேட்டு அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. யார் எந்தத் துக்கத்தில் இருந்தாலும் அவருக்குத் தன் குறையைச் சொல்லியாக வேண்டும்.

மேல்தளத்து ஆட்களை நம்பவே கூடாது என்று ஆரம்பித்தார். பாடப் புத்தகத்தில் ஏழு நொடி என்று போட்டிருக்கிறது, பசங்களை வாய்விட்டு எண்ணச் சொன்னால் நாலு எண்ணுவதற்குள் கதவு சாத்திக்கொள்கிறது, தன் மானம் போகிறது, மேலே வந்து சொன்னால் புகார் படிவம் நிரப்பு என்கிறார்கள், படிவம் நிரப்பவா தான் முப்பது வருடம் லிஃப்ட் கயிறு பிடித்தது என்றார்.

சின்னவளின் கை பாதியில் நின்றது. "இது எத்தனை நாளாண்ணே?"

"எனக்கெங்க தெரியும். ரெண்டு மூணு மாசம் இருக்கும். அதுதான் தினம் காலையில ஆறு மணிக்குத் தானா புதுசை இழுத்துக்குதே. காலையில வந்தா மாமியார் எந்த முகத்தோட இருக்காளோங்கிற மாதிரிதான் நான் அதைத் திறக்குறது."

"எது இழுத்துக்குது?"

"அந்தக் குட்டி கம்ப்யூட்டரு. லிஃப்ட்டுக்கு அடியில இருக்கே, தூசி பிடிச்சுப் போய்."

அவள் சாப்பாட்டை அப்படியே மூடிவிட்டு எழுந்தாள். அவர் பதறிப்போய், நான் உன்னைச் சொல்லலம்மா, உட்காரு, சாப்பிடு என்றார். படி இறங்கும்போதுதான் அவருக்கு விஷயத்தைச் சொன்னாள். அவர் முழுசாகப் புரிந்துகொண்டாரோ இல்லையோ, வேகமாக நடந்து அவளை முந்திக்கொண்டு போய்க் கூடத்தின் விளக்கையெல்லாம் போட்டார்.

மாதிரி லிஃப்ட்டின் பள்ளத்துக்குள் முழங்கால் மடித்து இறங்க வேண்டும். ஒரு செங்கல் அளவுக் கறுப்புப் பெட்டி. அதன்மேல் யாரோ ஸ்க்ரூடிரைவரை வைத்து மறந்திருந்தார்கள். அவள் முதலில் செய்தது, அதிலிருந்து நெட்வொர்க் ஒயரைப் பிடுங்கியது. நாளைக் காலை ஆறு மணிக்கு அது புதுசை இழுத்த கையோடு வீட்டைக் கூட்டுகிறேன் என்று பழைய வரிகளில் கை வைத்துவிடக் கூடாது. இன்றோடு பதினைந்தாம் தேதிக்கு எழுபத்தொன்பது நாள். தொண்ணூறுக்கு இன்னும் பதினோரு நாள்தான். தேடுகிறவள் இன்னும் இரண்டு வாரம் கழித்துத் தேடியிருந்தால் கிணற்றில் போட்ட கல்தான்.

பிறகு திரையை இணைத்து, வெளியீட்டுக் கிளையின் நகர்வுகளைக் கேட்டாள். வரிகள் வந்தன. நாலாவது மாடி பள்ளத்தின் விளிம்பில் குந்தி உட்கார்ந்து எட்டிப் பார்த்தார்.

ஒன்பதாம் தேதி காலை ஆறு மணி: கிளை நகர்ந்து எட்டாம் தேதி மாற்றத்தில் நிற்கிறது. அடுத்த வரி பதினாறாம் தேதி காலை ஆறு மணி: எட்டாம் தேதி மாற்றத்திலிருந்து ஒரே தாவலாகப் பதினைந்தாம் தேதி மாற்றத்துக்குப் போயிருக்கிறது. நடுவில் வரியே இல்லை. லீட்டின் மாற்றம் ஒன்பதாம் தேதியே சர்வருக்கு வந்திருந்தால் பத்தாம் தேதி காலையில் இந்தப் பெட்டி அதைப் பார்த்து ஒரு வரி எழுதியிருக்கும். எழுதவில்லை. ஒன்பதும் பதினைந்தும் கை கோத்துக்கொண்டு ஒன்றாக உள்ளே வந்திருக்கின்றன.

அவள் கண்ணை மூடித் திறந்தாள். உடனே தன்னையே குடைய ஆரம்பித்தாள், அதுதானே அவள் தொழில். இந்தப் பெட்டி அந்த வாரம் அணைந்து கிடந்திருந்தால்? யாராவது பிளக்கைப் பிடுங்கிவிட்டு அங்கே துளை போடுகிற மெஷினை மாட்டியிருந்தால்? வரி இல்லை என்பதற்கு மாற்றம் வரவில்லை என்றும் அர்த்தம் உண்டு, பார்க்க ஆளில்லை என்றும் அர்த்தம் உண்டு. நாலாவது மாடியைக் கேட்டாள். அவர் யோசித்துப் பார்த்துவிட்டு, சத்தியம் பண்ண முடியாதும்மா என்றார்.

சர்வரில் தினசரிக் கிளை என்று இன்னொன்று உண்டு. எல்லோரும் அன்றாடம் வேலை செய்து கொட்டுகிற இடம். வேலை நாளில் அது நகராமல் இருந்ததே கிடையாது. பெட்டி எல்லாக் கிளையையும் சேர்த்தே எடுக்கும். அந்தக் கிளையின் வரிகளைக் கேட்டாள். பத்தாம் தேதி காலை ஆறு, வந்திருக்கிறது. பதினொன்று, வந்திருக்கிறது. பன்னிரண்டு, வந்திருக்கிறது. பதின்மூன்றும் பதினான்கும் இல்லை. பன்னிரண்டும் பதின்மூன்றும் விடுமுறை, அந்த இரண்டு நாளும் யாரும் எதுவும் தள்ளவில்லை. பதினைந்தாம் தேதி காலை ஆறு மணி, இருக்கிறது.

அந்த ஒரு வரி போதும். பதினைந்தாம் தேதி காலை ஆறு மணிக்குப் பெட்டி விழித்திருந்தது, சர்வரைப் போய்ப் பார்த்தது, தினசரிக் கிளை நகர்ந்ததைக் குறித்துக்கொண்டது. அதே நொடியில் வெளியீட்டுக் கிளை எட்டாம் தேதி மாற்றத்திலேயே அசையாமல் நின்றது. அப்படியென்றால் பதினான்காம் தேதி அவள் ஸ்டாப்வாட்சோடு நின்றபோது கதவு ஏழு நொடிதான் திறந்திருந்தது.

எல்லாவற்றையும் பிரதி எடுத்தாள். திரையைப் படமெடுத்தாள். அச்சிட்ட தாளில், இந்தப் பெட்டியிலிருந்து என் முன்னால் எடுக்கப்பட்டது என்று நாலாவது மாடியிடம் கையெழுத்து வாங்கினாள். அவர் சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு, தன் கல்யாணப் பதிவில்கூட இவ்வளவு நிதானமாகப் போட்டதில்லை என்றபடி போட்டார்.

சாயங்காலம் அக்காவிடம் சொன்னபோது அவள் குதிக்காத குறை. நாளைக்கு மீட்டிங்கில் எல்லோர் முன்னாலும் போட்டு உடை என்றாள். அவர் மட்டும் உன்னை முப்பது பேர் நடுவில் வைத்துக் கேட்கலாமா, நீ கேட்கக் கூடாதா என்றாள்.

சின்னவளுக்கும் அந்த ஆசை வராமல் இல்லை. ஆனால் அவள் கையில் இருந்தது எப்போது என்பதற்கு மட்டும்தான் பதில். எப்படி என்பதற்குப் பதில் லீட்டின் லேப்டாப்பில் இருந்தது. தள்ளிய மெஷின், தள்ளிய நேரத்தை நிமிடச் சுத்தமாக எழுதி வைத்திருக்கும். அந்த வரியை அவரே தன் கண்ணால் பார்த்துவிட்டால் வாதத்துக்கு இடமிருக்காது. மீட்டிங்கில் போட்டு உடைத்தால் அவர் தன் மானத்தைக் காப்பாற்றப் பேசுவார். தனியாகக் காட்டினால் வரியைப் படிப்பார். அவள் கணக்கு அப்படி.

வியாழக்கிழமை ஒன்பது இருபதுக்கு காபி மெஷின் பக்கத்தில் அவரைப் பிடித்தாள். தாளை நீட்டினாள். அவர் கப்பைக் கீழே வைக்காமலே படித்தார். இரண்டாவது தடவை படிக்கும்போது கப் கீழே போனது.

"அந்த மெஷின் அந்த வாரம் ஓடலைன்னா?"

அவள் இரண்டாவது தாளைக் கொடுத்தாள். அவர் தினசரிக் கிளையின் வரிகளை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார். பதினைந்தில் விரல் நின்றது. தாளோடு தன் மேசைக்குப் போய் லேப்டாப்பைத் திறந்தார். அவள் மூன்றடி தள்ளி நின்றாள், திரையை எட்டிப் பார்க்கவில்லை. அவர்தான் கூப்பிட்டார்.

"வாம்மா. பாரு."

பதினைந்தாம் தேதி மாலை ஐந்து நாற்பது. எட்டாம் தேதி மாற்றத்திலிருந்து பதினைந்தாம் தேதி மாற்றம் வரை, ஒரே தள்ளல். அவர் கீழே கீழே போய் ஒன்பதாம் தேதியைத் தேடினார். அன்றைக்குக் கடைத்தொகுதிக் கிளையில் நிற்பதாக நினைத்துக்கொண்டு வெளியீட்டுக் கிளையில் நின்றிருக்கிறார். எழுதி முடித்த பிறகு கவனித்து, அதைச் சரியான கிளைக்கும் நகல் எடுத்திருக்கிறார். வெளியீட்டுக் கிளையில் இருந்ததை நீக்க மறந்துவிட்டார். அது அவர் மெஷினிலேயே ஆறு நாள் சத்தமில்லாமல் கிடந்திருக்கிறது.

"ஒரே ஒரு எழுத்தைத் திருத்தினேன்," என்றார் மெதுவாக. "அதுக்கு அடியில இது உட்கார்ந்திருந்திருக்கு. தள்ளும்போது எத்தனை போகுதுன்னு பார்க்கலை."

 தனக்கும் ஒரு தடவை இப்படி ஆகியிருக்கிறது என்று சொல்லலாமா என்று நினைத்தாள். ஆனால் ஆனதில்லை. ஆகவே சும்மா இருந்தாள்.

"மேடத்துகிட்ட நீ சொல்றியா, நான் சொல்லட்டா?"

"நீங்க சொல்லுங்க சார். நான் பேப்பரை மட்டும் கொடுத்துடறேன்."

"திங்கக்கிழமை நான் பேசினது..." என்று ஆரம்பித்து, முடிக்காமல் எழுந்தார். "சரி, வா. பத்தாகுது."

மேடத்தின் அறையில் லீட் மூன்று நிமிடம் பேசினார். இடையில் எங்கேயும் ஆனால் என்ற வார்த்தை வரவில்லை. மேடம் இரண்டு தாளையும் வாங்கிப் பார்த்தார், பதினைந்தில் வந்த மாற்றத்துக்குத் தேதி எப்படி ஒன்பது என்று இருக்கிறது என்று கேட்டார். சின்னவள், அது பிறந்த தேதி, இது குடிவந்த தேதி என்றதும் சட்டென்று தலையை ஆட்டிவிட்டார். அக்காவிடம் ஒத்திகை பார்த்தது வீண்போகவில்லை. லீட் வெளியே போகலாம் என்றார் மேடம். அவர் போனதும் சோதனைத்தாளை எடுத்து அவள் முன் வைத்து, தலைப்பில் இருந்த கட்டத்தைப் பேனாவால் தட்டினார்.

"நம்பர் எழுத வேண்டிய இடத்துல ஏன் இன்றைய நிலைன்னு எழுதியிருக்கீங்க?"

"எல்லாரும் அப்படித்தான் மேடம்..."

"எல்லாரையும் நான் கேட்கலை."

சின்னவள் ஒரு மூச்சு விட்டுக்கொண்டாள். "சோம்பல்தான் மேடம். நம்பர் போட்டிருந்தா திங்கக்கிழமையே அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிருக்கும். நான் டெஸ்ட் பண்ணது சரி. எதை டெஸ்ட் பண்ணேன்னு எழுதாதது தப்பு."

மேடம் அவளையே பார்த்தார். வெளியே யாரோ அச்சு மெஷினில் தாள் நிரப்புகிற சத்தம். அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் சொன்னதைத் திருப்பி எடுக்கவில்லை.

"பயப்படாம தப்பை ஒத்துக்கிறவங்களை எனக்குப் பிடிக்கும்," என்றார் மேடம். "பயந்துகிட்டே ஒத்துக்கிறவங்களை இன்னும் பிடிக்கும்." இழுப்பறையைத் திறந்து ஒரு கடிதத்தை எடுத்தார். அது திங்கட்கிழமைக்கு முன்பே அச்சாகியிருந்தது; கையெழுத்துதான் போடாமல் வைத்திருந்தார். இப்போது போட்டார். போடும்போதே அடுத்த வேலையையும் சொன்னார். இனி சர்வரின் வாசலில் யார், எந்தக் கிளைக்குள், எந்த நிமிடத்தில், எத்தனை மாற்றத்தோடு நுழைந்தார்கள் என்று பதிவாக வேண்டும். அந்தப் பதிவு சர்வரோடு சாகாமல் வேறு இடத்திலும் இருக்க வேண்டும். கிளை மூடியிருக்கும்போது ஒன்றுக்கு மேல் வந்தால் கதவே திறக்கக் கூடாது. செய்து கொடுக்க எத்தனை நாள் ஆகும் என்று கேட்டார்.

சின்னவள் இரண்டு நாள் என்று வாய் வரை வந்ததை நிறுத்தி, "ஒரு வாரம் மேடம். நானே எழுதி நானே டெஸ்ட் பண்ணா நல்லா இருக்காது, டெஸ்ட் பண்ண வேற ஆள் வேணும்," என்றாள்.

மேடம் முதல் தடவையாகச் சிரித்தார். லீட்டைக் கேளுங்கள், இந்த வாரம் அவர் மறுக்க மாட்டார் என்றார்.

படிக்கட்டில் நின்று வீட்டுக்குக் கூப்பிட்டாள். அக்கா எடுத்து, ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, இரு, இதை நீயே சொல்லு என்று போனை அம்மாவிடம் கொடுத்தாள். அம்மாவுக்குத் திங்கட்கிழமையிலிருந்தே எல்லாம் தெரியும் போலிருக்கிறது. அக்கா எந்த ரகசியத்தைத்தான் வைத்திருக்கிறாள். அம்மா எடுத்த எடுப்பில், "அப்ப நீ திரும்பி வரலையா?" என்றாள். குரலில் சந்தோஷமா ஏமாற்றமா என்று பிரிக்க முடியவில்லை, இரண்டும் ஒன்றாகவே வந்திருந்தன.

"லீவுக்கு வர்றேன்மா. வேலை இங்கதான், நிரந்தரமாயிடுச்சு."

 அம்மா, சரி, அந்த நடைச்சட்டம் வைத்திருந்த அம்மாளுக்கு ஒன்றும் ஆகவில்லையே, அவர்களுக்குப் புதுச் சட்டம் யாராவது வாங்கிக் கொடுத்தார்களா என்று கேட்டாள். இந்தக் கேள்வியை இந்த நாலு நாளில் அலுவலகத்தில் ஒருவரும் கேட்கவில்லை என்று சின்னவளுக்கு உறைத்தது. தெரியலைம்மா, இதோ கேட்கிறேன் என்றாள்.

மேலே போனபோது லீட் அவள் மேசையருகே காத்திருந்தார். நாற்பத்தொரு லிஃப்ட்டிலும் திருத்தியது சரியாகப் போய்ச் சேர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும், எதிலிருந்து ஆரம்பிக்கலாம் என்று கேட்டார்.

"முதியோர் இல்லத்துல இருந்து சார்," என்றாள் சின்னவள், ஸ்டாப்வாட்சைக் கையில் எடுத்துக்கொண்டு. "நேர்லயே போயிடலாம். போற வழியில ஒரு நடைச்சட்டம் வாங்கணும்."